லாயக்காரனுக்கு லத்தீனில் ஒரு பெயர்

சாமியார் இன்றைக்கும் லத்தீனில் இறங்கிவிட்டார். இறங்கட்டும். எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறாரோ அவ்வளவு நேரம் எனக்கு. எங்கள் கோவிலில் பிரசங்கம் முடிந்த கையோடு கல்யாண ஓலை வாசித்துவிடுவார்கள். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் வாசித்தாயிற்று. பந்தய மைதானத்து லாயம் லைனைச் சேர்ந்த சவரிநாதன், ஞானப்பூ இவர்களின் மகள் ஜெசிந்தாவை அதே லைனைச் சேர்ந்த ரெமிஜியுஸ் மணமுடிக்க இருக்கிறார், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று உபதேசியார் மூக்கால் வாசித்தார். முதல் ஞாயிறு அந்தக் கடமை என்கிற சொல் வந்தபோது நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஞாயிறு இருமல் வந்தது, பொய் இருமல் இல்லை, நெஞ்சிலிருந்து வந்த இருமல், அது அடங்குவதற்குள் ஓலை முடிந்து எல்லாரும் விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்துவிட்டார்கள். இன்றைக்கு மூன்றாவது, கடைசி. அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் அது வம்புதான், தடை இல்லை. என் மகள் ஜெசிந்தா முன்வரிசையில் பாட்டுக்குழுப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள். முக்காட்டுக்கு வெளியே பின்னல் தெரிகிறது. முழுக்கை ஜாக்கெட் போட்டிருக்கிறாள். ஊட்டிக் குளிருக்கு முழுக்கை போடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பாதிப்பேர் ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் இவள் வர்க்கி கடையில் அடுப்புப் பக்கம் நின்று வேலை செய்கிறவள், கையை மடித்துவிடாமல் இவளை நான் பார்த்ததே இல்லை, வியாழக்கிழமைக்கு முன்னால்.

இன்றைக்கு நல்ல ஆயன் ஞாயிறு. ஆயன் ஆடுகளுக்கு முன்னால் நடக்கிறான், ஆடுகள் அவன் குரலை அறிந்து பின்னால் வருகின்றன என்று வாசகம். சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்துவிட்டு, "நம்ம பங்குல ஆடு மேய்க்கிறவங்க யாரும் இல்ல, பாதிப்பேரு குதிரைக்காரங்க, அதனால நான் குதிரைய வெச்சே சொல்றேன்" என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "லத்தீன்ல ஆயனுக்கு பாஸ்தோர்னு பேரு. லாயத்துல வேல செய்றவனுக்கு என்ன பேரு தெரியுமா? அகாசோ." மறுபடி சிரிப்பு. யாரோ ஒருவன் பக்கத்தில் இருந்தவனை "டேய் அகாசோ" என்று கூப்பிடுவது கேட்டது. எனக்கு இடப்பக்கம் அடுத்த வீட்டு எலிசா தோளால் இடித்தாள். "எங்க வீட்டு அகாசோ தூங்குது பாருக்கா, வாயப் பொளந்துட்டு." எலிசாவின் புருஷன் மத்தியாஸ் தூணில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், முதுகு நேராக, கைகள் மடியில், கண் சாமியார் மேல். அவருக்குப் பின்வரிசையில் மாப்பிள்ளையாகப் போகிற ரெமி, அவனும் அதே மாதிரி. எலிசா பெருமூச்சு விட்டாள். "ஒங்க ஆளப் பாரு, என்னா பக்தி. கடவுள் ஒனக்கு அளந்து குடுத்தான்க்கா, எனக்கு அள்ளிக் கொட்டிட்டான்." நான் சிரித்தேன். சிரிக்கும்போது மேலுதட்டை அதிகம் தூக்காமல் சிரிக்க எனக்குப் பழக்கம்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சாமியார் தேட ஆரம்பித்தார். ஆகோ என்றால் ஓட்டுகிறேன், நடத்துகிறேன் என்று அர்த்தமாம். அதிலிருந்துதான் அகாசோ வந்தது என்று பழைய காலத்து அகராதிக்காரர் ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறாராம், குதிரைகளை ஓட்டுகிறவன், அதாவது மிரட்டி ஓட்டுகிறவன் என்று. "ஆயன் முன்னால நடக்கிறான், அகாசோ பின்னால நின்னு அதட்டுறான். இதுதான் வித்தியாசம்" என்றார் சாமியார். மிரட்டி. என் வீட்டில் மிரட்டல் இருந்ததே இல்லை. ஒரு நாள்கூட அவர் குரல் உயர்ந்தது இல்லை. மிரட்டுகிறவன் என்றால் அது மத்தியாஸ், விடிந்தால் லாயத்தில் அவன் போடும் சத்தத்தில் மலையே எழுந்துவிடும், குதிரையின் அம்மாவை இழுப்பான், ஆத்தாளை இழுப்பான், துடைப்பக் கட்டையால் அதன் பின்புறத்தில் போடுவான், முதலாளியிடம் திட்டு வாங்குவான். வீட்டுக்குப் போனால் எலிசாவின் காலைப் பிடித்துவிடுவான். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும். "ஏய் மனுசா, கணுக்காலுக்கு மேல போகாத, கூசுது" என்று அவள் கத்துவதும் அவன் கெக்கெக்கென்று சிரிப்பதும். எங்கள் வீட்டுச் சத்தமும் அவர்களுக்குக் கேட்கத்தானே செய்யும், என்ன கேட்டிருக்கும், ஹோ, ஹோ, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல கண்ணு, அவ்வளவுதான் கேட்டிருக்கும். அடிக்கு முன்னால் அது, அடிக்கு நடுவில் அது, அடிக்குப் பின்னால் அது. என் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொள்வார். மறுநாள் குழாயடியில் எலிசா கேட்பாள், "நேத்து ஒனக்கு ஒடம்பு முடியலையாக்கா, அண்ணன் எம்புட்டு நேரம் சமாதானம் சொல்லிட்டு இருந்துச்சு, கேக்கவே ஆசையா இருந்துச்சு போ."

ஆசையாக இருந்ததாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் அப்பாவே அப்படித்தான் ஏமாந்தார். லாயத்து ஆட்கள் பெண் கொடுப்பதென்றால் ஜாதகம் பார்ப்பதில்லை, நாங்கள் வேதக்காரர்கள். சொத்து யாரிடமும் கிடையாது. பையனைக் கூப்பிட்டு இருப்பதிலேயே மோசமான குதிரையின் தலையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, லாடக்காரரை வேலையைத் தொடங்கச் சொல்வார்கள். பெண்ணைப் பெற்றவர் எட்ட நின்று பார்ப்பார். அப்போது ஒரு சாம்பல் நிறப் பெட்டை இருந்தது, இரண்டு பேரை உதைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அதற்கு லாடம் அடிக்க வேண்டுமானால் கட்டை நுனியில் கயிற்று வளையம் போட்டு மேலுதட்டில் மாட்டி முறுக்க வேண்டும், அந்த வலியில் அது வேறெதையும் நினைக்காமல் நிற்கும். சவரிநாதன் என்கிற அந்தப் பையன் கட்டையை வாங்கித் தூரப் போட்டானாம். பக்கவாட்டில் போய் நின்று, கழுத்தில் கையை வைத்து, ஹோ, ஹோ, ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல. நாலு காலுக்கும் லாடம் அடித்து முடிக்கும்வரை அது தூங்குவதுபோல் நின்றதாம். அப்பா வீட்டுக்கு வந்து அழுதார். "வாயில்லாத சீவன்கிட்ட இப்படி இருக்கிறவன், வாயுள்ள பொண்ணுகிட்ட எப்படி இருப்பான், நெனச்சுப் பாரு" என்றார் அம்மாவிடம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், கதவுக்குப் பின்னால் நின்று நானும் நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் நினைத்தேன். கல்யாணம் ஆகி முதல் கிறிஸ்துமஸ்கூட வரவில்லை, என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை, கறியில் எலும்புதான் இருக்கிறது என்றோ என்னமோ சிரித்துக்கொண்டே சொன்னேன். பக்கவாட்டில் வந்து நின்றார். கழுத்தில் கையை வைத்தார். ஹோ, ஹோ என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து இன்னும் சிரித்தேன். சிரித்த வாயின் மேலுதட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முறுக்கினார், சாவி திருப்புவதுபோல, நிதானமாக, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கண்ணீர் தானாகக் கொட்டியது, காதுக்குள் ஏதோ கூவியது, நான் அசையாமல் நின்றேன். குதிரைக்குச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை, அதை எனக்குச் செய்தார்.

"அந்தச் சொல்லோட தலை தெரியுது, வால் தெரியல" என்கிறார் சாமியார். முன்பாதி ஓட்டுவதிலிருந்து வந்திருக்கலாம், பின்பாதி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று படித்தவர்களுக்கே விளங்கவில்லையாம், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். சாமியாருக்கு அதில் ஒரு சந்தோஷம். நானும் தேடினேன் சாமி. வருஷக்கணக்கில் நானும் இதன் மூலத்தைத் தேடினேன். எங்கிருந்து வருகிறது இது. முதலாளி எல்லார் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தாரே, அதிலிருந்து என்று நினைத்தேன், ஆனால் அறை விழுந்தது ஜெசிந்தா பிறந்த பிறகு, என் உதடு கிழிந்தது அதற்கு முன்னால். குடியிலிருந்து என்றால் அவர் குடிப்பதில்லை, குடித்தால் வாடை குதிரைக்குப் பிடிக்காதாம். அவர் அப்பா அவரை அடித்திருப்பார் என்று மாமியாரிடம் நைசாகக் கேட்டேன். "அவரா? பூச்சியக் கூட மிதிக்க மாட்டாரு" என்று கிழவி என்னை முறைத்தாள். சில நாள் நானே அதன் மூலம் என்று நினைத்தேன். என் சத்தம், என் நடை, நான் பாத்திரம் வைக்கிற விதம். சத்தமில்லாமல் நடக்கப் பழகினேன், பாத்திரத்துக்கு அடியில் துணி போட்டு வைத்தேன், அப்படியும் வந்தது. இவர் கவனித்த ஒரு பழுப்புக் குதிரை பந்தயத்தில் கால் முறிந்து விழுந்த அன்று, சுற்றிலும் பச்சைத் திரை பிடித்துக்கொண்டு சுட்டார்கள். இவர் திரைக்குள் நின்று அதன் தலையை மடியில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு விசும்பினார், தலையைக் கோதிவிடலாமா என்று கையை நீட்டினேன். அந்தக் கையைப் பிடித்தார். அதற்கப்புறம் விலா எலும்பு. மூச்சு விட்டால் கத்தி, இருமினால் கத்தி, அதோடு குனிந்து கொள்ளு அவித்தேன், மறுநாள் குதிரைகளுக்குத் தீனி வேண்டுமே. அன்றைக்கு அவருக்குத் துக்கம் என்று சொல்லலாம். துக்கமில்லாத நாளிலும் வந்ததே. ஒரு பந்தயத்தில் அவர் கவனித்த குதிரை ஜெயித்து, கழுத்தில் மாலையோடு அதை நடத்திக்கொண்டு வந்தார், அன்றைக்கும்.

ஒரு குதிரையாவது அவரைக் கடித்திருக்கலாம். எத்தனை குதிரை வந்து போயிற்று, ஒன்றாவது பின்னங்காலைத் தூக்கி அவர் நெஞ்சில் வைத்திருக்கலாம். மத்தியாஸுக்கு முன்பல் இரண்டு இல்லை, காதில் தையல் இருக்கிறது, இவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. சனியன்கள், எல்லாம் இவரைக் கண்டால் கனைக்கும், தோளில் மூக்கை வைத்துத் தேய்க்கும். நான் தீனித் தொட்டி கழுவப் போகும்போது அந்தச் சாம்பல் பெட்டையின் காதில் ஒரு தரம் சொன்னேன். உதைடி, ஒரு தடவை, எனக்காக, தலையில் உதை. மண்டை ஓடு உடையும் சத்தம் தேங்காய் மாதிரி இருக்குமா, ஈர விறகு மாதிரி இருக்குமா என்று யோசித்துக்கொண்டே தொட்டியைக் கழுவினேன். கொள்ளு வேகும் அண்டா கொதிக்கும்போதெல்லாம், இதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், சாய்க்க ஒருத்தி போதும் என்று தோன்றும். அவர் தரையில் படுத்துத்தான் தூங்குவார். சாய்த்தால் தோல் கழன்று வரும். அப்படி நினைத்த அன்றைக்கெல்லாம் அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்திருக்கிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், வேறு ஒரு சாமியார், இளையவர். "கெட்ட எண்ணம் வந்தா ஜெபமாலை சொல்லுங்கம்மா" என்றார். ஜெபமாலை சொல்லிக்கொண்டே அண்டாவைப் பார்த்தேன். அருள் நிறைந்த மரியே, இந்தப் பக்கம் சாய்த்தால் வாசல் வரைக்கும் ஓடும்.

இப்போது சாமியார் கோவிலைச் சிரிக்க வைக்கிறார். பின்னால் அந்தச் சொல் திட்டுகிற சொல்லாகவே ஆகிவிட்டதாம். ரோமாபுரியில் பெரிய வீட்டு விருந்துகளில் பரிமாறுகிறவன் கால் இடறித் தட்டைப் போட்டு உடைத்தால், அவன் குதிரைப் பக்கமே போகாதவனாக இருந்தாலும், "அகாசோ" என்று ஏசுவார்களாம். எலிசா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். "அப்ப நீதான்க்கா அகாசோ, போன வருசம் ஒங்க வீட்டுல பெரிய தட்டு ஒடஞ்ச சத்தத்துல எங்க பூனை ரெண்டு நாள் வரல." ஆமாம், உடைந்தது. பூப்போட்ட பீங்கான், ஜெசிந்தா முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது. என் கையிலிருந்து நழுவியது என்று எலிசாவிடம் சொன்னேன். என் தலையின் பின்பக்கம் அது உடைந்தது என்று எப்படிச் சொல்ல. முடிக்குள் இருந்த பீங்கான் துணுக்கை ஜெசிந்தாதான் எடுத்துவிட்டாள், விளக்குப் பக்கம் உட்காரவைத்து, பேன் பார்ப்பதுபோல. கடைசித் துணுக்கை எடுத்துவிட்டு என் உச்சியில் ஊதினாள், குழந்தைக்குக் காயம் பட்டால் ஊதுவோமே, அப்படி. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவள் எப்படி இவனுக்குச் சரி சொன்னாள். இதுதான் எனக்கு ஆறவில்லை. ரெமியைப் பற்றி அவளிடம் பேச்செடுத்தபோது அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அவரு அப்பா மாதிரி இல்லம்மா. அப்பா யாருகிட்டயும் பேச மாட்டாரு. இவரு எங்கிட்ட நல்லாப் பேசுறாரு. மெதுவாப் பேசுறாரு."

மெதுவாகப் பேசுகிறார். அய்யோ என் மகளே.

அவனையும் சோதித்தார்கள். என் வீட்டுக்காரரே சோதித்தார். வருகிற பந்தய சீசனுக்கென்று வந்திறங்கியிருக்கிற கறுப்பன் என்கிற குதிரை, லாரியிலிருந்து இறங்கும்போதே ஒருவன் தோளைக் கடித்துச் சதையை எடுத்தது, அதன் தலையைப் பிடிக்கச் சொன்னார். லைனே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ரெமி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லப் பக்கவாட்டில் போனான். நான் தொட்டியோரம் நின்றிருந்தேன். அவன் கை கழுத்தில் படிந்ததைப் பார்த்தேன், ஹோ, ஹோ என்றதைக் கேட்டேன், என் மேலுதடு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. கறுப்பன் தலையைத் தாழ்த்தியது. எல்லாரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், நிறைந்த சிரிப்பு. "பாத்தியா ஞானம், நம்ம கை" என்றார். இது ஒன்றை வைத்து ஒருவனைப் பழி சொல்ல முடியுமா. குதிரையிடம் அன்பாகப் பேசுகிறவனெல்லாம் கெட்டவனா. அப்படி இருக்காது. உலகத்தில் எத்தனையோ நல்ல குதிரைக்காரர்கள் இருப்பார்கள். நான் சூடு கண்டவள், எனக்கு எதைப் பார்த்தாலும் நெருப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், முதல் ஓலை வாசிக்கிறவரை சொல்லிக்கொண்டேன், இரண்டாம் ஓலைக்கும் அதுதான். வியாழக்கிழமை குழாயடிக்கு நான் போயிருக்காவிட்டால் இப்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். ஜெசிந்தா குடத்தோடு நின்றாள். அவன் எதையோ சொல்ல, அவள் சத்தமாகச் சிரித்து, "போய்யா, குதிரை நாத்தம்" என்றாள். பக்கத்தில் இரண்டு பெண்கள், அவர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு பக்கவாட்டில் வந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், மெதுவாக, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல கண்ணு. குடம் நிறைந்து வழிந்தது. என் மகள் அசையவில்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. நான் துணி மூட்டையைக் கீழே போட்ட சத்தத்தில் விட்டான். "என்ன அத்த, கனமா, குடுங்க" என்று ஓடி வந்து மூட்டையைத் தூக்கினான். அவன் போனபிறகு அவள் கையை எடுத்துப் பார்க்கப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா. வெளையாட்டு." ஒண்ணுமில்ல. அவளும் அதே சொல்லைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவளிடம் பேசினேன். "வேணாம் கண்ணு, நிறுத்திரலாம்" என்றேன். "பத்திரிகை குடுத்தாச்சு, ஓலை ரெண்டு வாசிச்சாச்சு, இப்ப நிறுத்துனா என்னய யாரு கட்டுவா? நீ எதுவும் பேசாத" என்றாள். "ஏன், நீ பேசுனியா? இத்தன வருசத்துல ஒரு நாளு பேசுனியா?" என்று என் மகள் கேட்டாள். அடி வாங்கியதில் அது ஒன்றுதான் சத்தமாக வந்த அடி. சனிக்கிழமை சாமியார் அறை வரைக்கும் போனேன், உள்ளே உபதேசியாரும் என் வீட்டுக்காரரும் கல்யாண நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், மெழுகுவர்த்தி வாங்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். அறையில் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சாமியார் இவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். இவர் கைகட்டி நிற்பார், மெதுவாகப் பேசுவார். சாமியாருக்கே ஆசையாக இருக்கும் கேட்க. பிறகு வீடு, கதவு, உள்ளங்கை.

"ஆக, பிரியமானவர்களே" என்றார் சாமியார். அய்யோ, ஆக வந்துவிட்டது, ஆக வந்தால் முடிக்கப் போகிறார். "நம்மள மிரட்டி ஓட்டுறவன் யாரு, முன்னால நடந்து கூட்டிட்டுப் போறவன் யாருன்னு குரல வெச்சுக் கண்டுபிடிங்க. ஆடுகள் அவன் குரலை அறியும்." இல்லை சாமி, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, குரல் நன்றாகத்தான் இருக்கும். சாமியார் சிலுவை போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். உபதேசியார் எழுந்தார். தாளை விரித்தார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது, அதற்குள்ளும் அந்த மூக்குக் குரல் நுழைந்தது, லாயம் லைன், சவரிநாதன், ஞானப்பூ, என் பெயர், என் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கொடுக்கிறார்கள். "இது மூன்றாவதும் கடைசியுமான ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள்." நான் எழுந்துவிட்டேன் என்பது எலிசா என் சேலையை இழுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. "என்னக்கா, ஒக்காரு, இது எந்திரிக்கிற எடம் இல்ல."

"இருக்கு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. "தடை இருக்கு."

உபதேசியார் தாளுக்கு மேலே என்னைத் தேடினார். "யாரது? பொண்ணோட அம்மால்ல?" என்றார். எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. சாமியார் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "ஞானப்பூவா? எதுவா இருந்தாலும் பூசை முடியட்டும்மா. அறைக்கு வாங்க, பேசலாம்."

"அறைக்கு வந்தா சொல்ல மாட்டேன் சாமி. இங்கதான் சொல்லுவேன்."

ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்தார். நேராக வரவில்லை. மிரண்ட குதிரையிடம் போவதுபோலத் தூணைச் சுற்றி, பக்கவாட்டில், ஒரு கையைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு வந்தார். "ஹோ, ஹோ. ஒண்ணுமில்ல ஞானம், ஒண்ணுமில்ல. ஒடம்பு சரியில்ல சாமி, ரெண்டு நாளாவே தலை சுத்துதுன்னுச்சு." பெண்கள் அவருக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள். எலிசா "பாரு, எப்படித் தாங்குறாரு" என்று முணுமுணுத்தாள். அதற்குள் ஜெசிந்தா முன்வரிசையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். முக்காடு தோளில் கிடந்தது, முகம் செக்கச் செவேலென்று இருந்தது. "ஏம்மா அசிங்கப்படுத்துற? ஒக்காரும்மா. ஒன் கால்ல விழறேன்."

நான் அவளைப் பார்த்துக் கேட்டேன், கோவிலைப் பார்த்து அல்ல. "வியாழக்கெழம கொழாயடில அவன் ஒன் கைய முறுக்குனானே. வலிச்சுதா?"

"அம்மா."

"வலிச்சுது, வலிக்கல. ரெண்டுல ஒண்ணு சொல்லு. எனக்கு வேணாம், சாமிக்குச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன்னால் கண் என்னை விட்டு, எலிசாவை விட்டு, ஆண்கள் பக்கம் போய் ரெமியின் முகத்தில் நின்றது. அவன் கோபப்படவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கயிற்றைத் தளர்த்திவிடுகிற மாதிரி சிரித்தான். "சொல்லு கண்ணு" என்றான்.

"வலிக்கல" என்றாள் என் மகள்.

சாமியார் எழுந்து பீடத்தின் படியில் ஒரு படி இறங்கினார். வயசான முட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா ஜெசிந்தா" என்றார், பிரசங்கக் குரலில் இல்லை, வேறு குரலில். "ஒங்க அம்மா ஒன்னத்தான கேட்டாங்க. நீ ஏன் அவனப் பாத்துட்டுச் சொல்ற?" ஜெசிந்தா முழுக்கையின் நுனியை இழுத்து விரல்வரைக்கும் மூடிக்கொண்டாள். சாமியார் உபதேசியாரிடம் கையை நீட்டினார், உபதேசியாருக்கு முதலில் புரியவில்லை, பிறகு ஓலைத் தாளைக் கொடுத்தார். அதற்குள் என் வீட்டுக்காரரின் கை என் முழங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அது தாங்கிப் பிடிக்கிற கை. பெருவிரல் உள்பக்கமாகப் போய்த் தனக்குத் தெரிந்த நரம்பைக் கண்டுபிடித்து, அதன் மேல் உட்கார்ந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வா ஞானம்." தோள்வரைக்கும் நெருப்பு ஏறியது.

"வலிக்குது" என்றேன். கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, மத்தியாஸ் தூணிலிருந்து விழித்துக்கொள்ளும்படி சொன்னேன். "வலிக்குது, கைய எடுங்க."

ஜெசிந்தா ரெமியிடமிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள்.